அழுகாத பூசணிக்காய்

நிலாவில் போய்க் குடியேறினாலும் நம் ஆட்கள் வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டாமல் விடமாட்டார்கள் என்று ஒரு கதையில் எழுதினேன். பகலில் எனக்கு கன்டெய்னர் யார்டில் வேலை. உள்ளே வருகிற வண்டியையும் வெளியே போகிற வண்டியையும் பதிவு செய்கிற உத்தியோகம். மிச்ச நேரத்தில் ஓர் ஆடியோ கதை ஆப்புக்கு விஞ்ஞானக் கதை எழுதி, நானே பேசி அனுப்புவேன். அந்தத் தொடரில் நிலாவில் ஒரு காலனி. அங்கே காற்று முழுக்க ஒரு கம்பெனியின் கையில். எந்த வீட்டில் யார் கூடுதலாக மூச்சு விடுகிறார்கள் என்று வேவு பார்க்க அந்தக் கம்பெனி ஒரு கருவி செய்து, அதைப் பூசணிக்காய் வேஷத்தில் வாசலுக்கு வாசல் தொங்கவிடுகிறது. கோரைப்பல், முறைக்கிற கண், உள்ளே மூச்சை அளக்கிற எந்திரம். சாமி சமாசாரம் என்பதால் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள்.

நான் எழுதியதை முதலில் கேட்பவள் என் மனைவி. மீன் ஆய்ந்துகொண்டே கேட்பாள். கேட்டுவிட்டு ஒரே கேள்வியில் கதையைக் கவிழ்த்துவிடுவாள்.

“யோவ், நிலாவுல காத்தே இல்லன்ற. அப்பறம் பூசணிக்கா எப்டி அழுவும்? அழுவாத பூசணிக்கா தொங்கிகினே இருந்தா எவனுக்காச்சும் டவுட்டு வராது?”

கதையில் யாரும் அதெல்லாம் கேட்கமாட்டார்கள் என்றேன்.

“கேக்கறதுக்கு நான் அங்க இல்ல பாரு” என்றாள்.

அவள் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் எர்ணாவூரில் வீடு பார்த்ததே, அவள் நினைத்த நேரத்தில் பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போய்வரத் தோதாக இருக்கும் என்பதற்காகத்தான். குழந்தை இல்லை எங்களுக்கு. அதைப் பற்றி ஒரு காலத்தில் நிறைய பேசி, பிறகு பேசுவதை விட்டுவிட்டோம். வீடு நிறைய அவள் பேச்சுதான் இருந்தது. அந்தப் பேச்சைத்தான் வீசிங் முதலில் தின்றது.

பகலில் நன்றாகத்தான் இருப்பாள். பொழுது சாய்ந்ததும் அந்த வாடை வரும். ஒரு நாள் கெட்டுப்போன முட்டை மாதிரி, ஒரு நாள் பிளாஸ்டிக் கருகுகிற மாதிரி. சுற்றியுள்ள ஆலைகளில் எந்தப் புகைபோக்கியில் இருந்து வருகிறது என்று கேட்டால் ஒவ்வொருவர் ஒவ்வொரு திசையைக் காட்டுவார்கள். அவள் அந்த வாடைக்கு ஆள் பெயர் வைத்திருந்தாள். “அவன் வந்துட்டான், ஜன்னல சாத்து” என்பாள். நான் எழுந்து சாத்துவதற்குள் அவளுக்கு நெஞ்சில் விசில் கேட்க ஆரம்பித்துவிடும். பஃப் அடித்துவிட்டு, தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவாள். படுத்தால் மூச்சு அடைக்கும்.

டாக்டர் இடத்தை மாற்றச் சொன்னார். நானும் சொன்னேன். அம்பத்தூர் பக்கம் வீடு பார்க்கலாமா என்று கேட்ட அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

“எங்கம்மா செத்தது இங்க. எங்கண்ணன் கடலுக்குப் போற போட்டு கீறது இங்க. அவன் அப்பால வந்தவன்யா. வந்தவன் போவட்டும், நான் இன்னாத்துக்குப் போவணும்?”

வீடு மாற்றுகிற பேச்சை அதோடு விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் திருவொற்றியூரில் இருந்து ஒரு பெண் வந்தாள். இன்ஜினீயரிங் முடித்தவள், குடியிருப்போர் சிலர் சேர்ந்து நடத்திய குழுவில் இருந்தாள். அவள் பையில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. காற்றை உள்ளே இழுத்து, அதில் எவ்வளவு தூசியும் புகையும் இருக்கிறது என்று அளந்து போனுக்கு அனுப்புமாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடியில் வைத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கித் தரமுடியுமா என்று கேட்டாள். அதற்கு முன்பு பக்கத்துத் தெருவில் ஒன்று வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் ஒரு ஆலையில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். பெட்டி ஏறிய வாரமே மேஸ்திரி அவரைக் கூப்பிட்டு, “உன் வூட்டு மேல இன்னாமோ கீதாமே” என்று விசாரித்தார். பிறகு ஆலைக்குள் போக அவருக்கு கேட் பாஸ் வரவில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டுச் சோறு அந்த கேட்டைத் தாண்டித்தான் வருகிறது. பெட்டியைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள்.

அந்தப் பெண் எங்கள் வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனைவி டீயோடு வந்தாள். டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“உன் நிலா பூசணிக்கா கீதே. அத்த இங்க கட்டேன்.”

நான் சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. “அக்கா, சூப்பர்க்கா” என்று எழுந்தே நின்றுவிட்டாள். கம்பெனி மனிதர்களை வேவு பார்க்க நான் கற்பனையில் செய்த கருவி, மனிதர்கள் கம்பெனியை வேவு பார்க்க நிஜத்தில் கிளம்பியது.

பூசணிக்காய்க் கூட்டை என் மைத்துனர் செய்துகொடுத்தார். மனைவியின் அண்ணன், ஃபைபர் போட் வைத்துக் கடலுக்குப் போகிறவர். போட்டில் விரிசல் விழுந்தால் அதை அடைக்கிற வேலை அவருக்குக் கைவந்தது. ஒரு நிஜப் பூசணிக்காயின் மேல் மெழுகு தடவி, ஃபைபர் துணியை ஒட்டி, பசை ஊற்றிக் காயவைத்தார். பிறகு அதை இரண்டாக அறுத்து, பெட்டி உள்ளே உட்காருகிற மாதிரி மறுபடி சேர்த்தார். போட்டுக்கு அடிக்கிற மஞ்சளும் சிவப்பும் கறுப்பும் எடுத்து முகம் வரைந்தார். பெட்டிக்குக் காற்று வேண்டுமே, அதனால் வாயை ஆவென்று திறந்துவைத்தார். எங்கள் வாசலில் அதைத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு மாட்டி, அதன் ஒயரோடு பெட்டியின் ஒயரையும் சேர்த்துவிட்டோம். யார் பார்த்தாலும் திருஷ்டிப் பூசணிக்காய்தான்.

“எந்தங்கச்சி நல்லா மூச்சு உட்டா போதும் மாப்ள” என்றார் மைத்துனர், கையைத் துடைத்துக்கொண்டே. அவருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

முதல் சில வாரங்கள் நானும் மனைவியும் அந்தப் பெண்ணும் சின்னப் பிள்ளைகள் போல இருந்தோம். நான் வேலை முடிந்து வந்ததும், “இன்னா சொல்றான் உன் பூசணி?” என்பாள் மனைவி. அந்தப் பெண் போனில் படம் அனுப்புவாள். பகலெல்லாம் தாழ்வாகப் போகிற கோடு, பொழுது சாயும்போது மேடாக ஏறி, வெகுநேரம் இறங்காமல் நிற்கும். மனைவி அந்த மேட்டின் மேல் விரலை வைத்துக் காட்டுவாள். “தோ, இங்கதான் வந்தான். நான் சொன்னா வூட்ல கீற நோவுன்றானுங்க. இப்போ மிஷினே சொல்து பாரு.” அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தன்னை ஒருவர் நம்பிவிட்ட சந்தோஷம் அது.

நிஜப் பூசணிக்காய் தொங்கவிட்டால் கொஞ்ச நாளில் அழுகும், மாற்றுவார்கள். சீக்கிரம் அழுகினால் அந்த வீட்டின் மேல் கண் அதிகம் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. எங்கள் பூசணிக்காய் அழுகவே இல்லை. மனைவி கதையில் கேட்ட டவுட்டு எவருக்காவது வரும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். வந்தது டவுட்டு இல்லை, பக்தி. பூக்காரம்மா ஒரு நாள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, “அம்மாடி, உங்க வூட்டு காயி அப்டியே கீதே! அம்மன் நிக்குதுடி உன் வாசல்ல” என்றாள். பொழுது சாய்ந்தால் விஷம் ஏறுகிற வீடு என்று பூசணிக்காய் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. தெருவிலேயே கண் படாத வீடு என்று அதே பூசணிக்காய் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த அமாவாசைக்கு இரண்டு மூன்று பெண்கள் கற்பூரத் தட்டோடு வந்தார்கள். ஒருத்தி மகனுக்கு வேலை வேண்டி, ஒருத்தி புருஷன் குடியை விட. பூசணிக்காய்க்குக் கீழே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளிலும் வந்தார்கள். என் மனைவிக்கு அவர்களோடு பேசிக்கொண்டிருப்பது பிடித்திருந்தது. ஆனால் அவர்களில் ஒருத்தி கேட்டுவிட்டாள்: “இன்னாடி, நாங்க ஏத்றோம், வூட்டுக்காரி நீ ஒண்ணியும் ஏத்த மாட்ற?”

அன்றிலிருந்து அவளும் ஏற்றினாள். கற்பூரத்தோடு சாம்பிராணியும் போட்டாள். நான் திட்டினேன். புகை ஆகாது என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டாரே என்றேன்.

“நாம மட்டும் சொம்மா நின்னா டவுட்டு வரும்யா. அப்பறம் பொட்டி போச்சு. கொஞ்ச நேரந்தானே, மூக்க பொத்திகினு ஏத்திட்டு உள்ள வந்துட்றேன்.”

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் தட்டைத் தூக்கிப் பிடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேஷத்தைக் காப்பாற்ற அவள் கும்பிட்டாள். எந்திரம் வாயைத் திறந்து அந்தப் புகையையும் வாங்கிக்கொண்டது. அறிவியல் கதை எழுதுகிற எனக்கு அது தோன்றவில்லை. இன்ஜினீயரிங் படித்த அந்தப் பெண்ணுக்கும் தெரிய வழியில்லை, அவள் பார்த்தது போனில் வந்த கோட்டை மட்டும்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் கோடு குத்துக்கல்லாக எழும்புவதைப் பார்த்துவிட்டு, “அண்ணா, சனி ஞாயிறு ஆபீசருங்க இருக்க மாட்டாங்கன்னு வெள்ளிக்கிழமை திறந்து விடுறாங்கண்ணா” என்றாள். கேட்க எவ்வளவு பொருத்தமாக இருந்தது! நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

அந்தக் கோடுகளை எல்லாம் சேர்த்துக் குழுவினர் மனு போட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் லீவு போட்டேன். மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். என்ன பேசவேண்டும் என்று முந்தின நாளே என்னிடம் சொல்லிப் பார்த்திருந்தாள். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கி, இரண்டாவது வரிசையில் பஃப்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை, கெட்டவராக இருந்திருந்தால் வைதுவிட்டுப் போயிருப்பேன். பொறுமையாகக் கேட்டார், கோடுகளைப் பார்த்தார், கருவி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்றார். அந்தப் பெண் பெருமையோடு பூசணிக்காயின் போட்டோவைக் காட்டினாள். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“தாடையில என்னம்மா இது, கறுப்பா?”

கற்பூரப் புகை படிந்த கரி அது. அவர் காலண்டரை எடுத்துவரச் சொன்னார். எழும்பி நின்ற கோடுகளை ஒவ்வொன்றாகப் பேனாவால் தொட்டு, வெள்ளி, வெள்ளி, அமாவாசை, வெள்ளி என்று வாசித்தார். கம்பெனி தரப்பில் வந்திருந்தவர் குனிந்து சிரித்துக்கொண்டார்.

“நீங்க அளந்தது கற்பூரம்மா. இதை வெச்சு நான் என்ன எழுதறது?” பிறகு அவர் பார்வை இரண்டாவது வரிசையில் இருந்த பஃப் மேல் விழுந்தது. குரலைத் தணித்து, நல்லது சொல்கிற மாதிரிதான் சொன்னார். “வீட்ல இந்தப் பிரச்சினை இருக்கறவங்க சாம்பிராணி எல்லாம் போடக்கூடாதும்மா. உங்க உடம்பை நீங்கதான் பாத்துக்கணும்.”

அவள் வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது. அதற்குள் அடுத்த மனுவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆட்டோ டோல்கேட்டைத் தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே சொன்னாள். “பொட்டிய கேட்டாங்க. பேப்பர கேட்டாங்க. நான் அங்கதான குந்திகினு இருந்தேன்? உனக்கு இன்னா பண்துன்னு என்ன ஒருத்தர் கேக்கலயே.”

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் போட்டோ யார் யார் போன் வழியாகவோ எங்களை முந்திக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. எந்திரத்துக்கா கற்பூரம் ஏற்றினோம் என்று சிலருக்கு அவமானம். பாஸ் போய்விடுமோ என்று பலருக்குப் பயம். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். பூக்காரம்மா எங்கள் வாசல் வந்ததும் எதிர்ச் சாரிக்கு மாறி நடந்தாள். என் மனைவி தன் கையாலேயே பூசணிக்காயை இறக்கினாள். மைத்துனர் வந்து ஒன்றும் கேட்காமல் அதைச் சாக்கில் போட்டு எடுத்துப்போனார்.

அவளை அதற்குப் பிறகு என்னால் தேற்ற முடியவில்லை. பூசணிக்காய்க்கு வருஷக்கணக்கில் முன்பே உனக்கு வீசிங் இருந்ததே என்றேன். சாம்பிராணி இல்லாத நாளிலும் மேடு இருந்ததே என்றேன். நான் சொல்லி என்ன? அவளுக்கு அந்த அதிகாரி சொன்னதுதான் காதில் நின்றது. “அவங்க கூட சேந்து கற்பூரம் ஏத்தினது நான்தானே. நானே என் மூச்சுல கொள்ளி வெச்சிகினேன். எல்லாருக்கும் சேத்து கெட்த்துட்டேன்” என்பாள். சாமி விளக்கு ஏற்றுவதைக்கூட நிறுத்திவிட்டாள். சாயங்காலம் வாடை வந்தால் முன்பு போல “அவன் வந்துட்டான்” என்று சொல்வதில்லை. தானே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு, குற்றம் செய்தவள் மாதிரி மூலையில் உட்கார்ந்துகொள்வாள். எனக்கு அழுகை அழுகையாக வரும். அவள் நோயைக்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் தலைகுனிந்ததைத் தாங்க முடியவில்லை.

மார்கழியில் புகை மேலே போகாமல் தரையோடு தங்கும். அந்த மார்கழியில் அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி அவள் என்னிடம் கேட்டாள்: “நான் அத்த ஏத்தாம இருந்தா, அந்த ஆபீசரு ஒத்துகினு இருப்பாராய்யா?”

“ஒத்துக்க மாட்டாரு. வேற எதையாவது சொல்லியிருப்பாரு” என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். அது அவள் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. பொங்கலுக்கு முன்பே போய்விட்டாள்.

காரியம் எல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். மறுபடி ஒரு பெட்டியை என் வீட்டில் வை என்றேன். எதற்குள்ளும் ஒளிக்காமல், வேஷம் எதுவும் போடாமல், தெருவைப் பார்த்த சுவரில் அடித்து மாட்டச் சொன்னேன். எனக்கு இனி என்ன பயம்? எங்கள் வாசலில் இப்போது யாரும் கற்பூரம் ஏற்றுவதில்லை. வீட்டில் அடுப்புகூட நான் சரியாகப் பற்றவைப்பதில்லை, ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். சுவரில் பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் அதன் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் நேரில் வந்தாள். மைத்துனரும் அன்றைக்கு வந்திருந்தார். தங்கை இல்லாத வீட்டுக்கு அவர் இன்னும் மீன் கொண்டுவருகிறார், ஆய்வதற்கு ஆளில்லை என்று தெரிந்தும். அந்தப் பெண் போனில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ஒன்று பழையது, ஒன்று புதியது. பழையதில் மேட்டின் உச்சியில் ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்தது. புதியதில் முள் இல்லை. மேடு அப்படியே இருந்தது, பார்க்கப்போனால் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

“கற்பூரம் இந்த முள்ளு மட்டும்தாண்ணா. அஞ்சு நிமிஷத்துல அடங்கிடுது. மத்தது எல்லாம் ஆலைக்காரங்களோடதுதான். அக்கா இல்லண்ணா. அக்கா ஏத்தினதால இல்லவே இல்ல.” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

“எனக்குத் தெரியும்மா” என்றேன்.

மைத்துனர் போனைக் கேட்டு வாங்கினார். அவருக்குக் கோடு, மேடு எல்லாம் புரியாது. அந்தப் பெண் மறுபடி ஒருமுறை விரல் வைத்து விளக்கினாள். முள் எது, மேடு எது, அது யாருடையது என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீன் பையைத் தரையில் வைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“இத்த அவகிட்ட காட்டியிருந்தா, ஒரு நாளாச்சும் நிம்மதியா தூங்கியிருப்பா மாப்ள” என்றார்.